ஒரு கிராம் கரிக்குள் 25 சென்ட்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் நிற்கும்போது அடிக்கடி காதில் விழும் சத்தம் ஒன்று உண்டு. வண்டி நின்றிருக்கும், எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், டிரைவர் இறங்கி டீக்கடைப் பக்கம் போயிருப்பார். திடீரென்று வண்டிக்கு அடியில் 'புஸ்ஸ்' என்று காற்று பீறிடும். பிரேக்கை விடும்போது வருகிற சத்தம் வேறு. இது சீட்டில் ஆளே இல்லாதபோதும் வரும்.

பஸ், லாரிகளின் பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது. எஞ்சினோடு ஓடும் கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, டேங்கில் அடைக்கிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். அழுத்தப்பட்ட காற்றிலிருந்து அந்த ஈரம் தண்ணீராகப் பிரிந்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும், வால்வுகளைக் கெடுக்கும். அதனால் இப்போது வரும் வண்டிகளில் டேங்குக்கு முன்னால் 'ஏர் டிரையர்' என்று ஒரு குடுவை வைக்கிறார்கள். உள்ளே ஜவ்வரிசி அளவில் மணிகள். காற்று அவற்றின் நடுவே புகுந்து போகையில் நீராவி மணிகளில் ஒட்டிக்கொள்ளும், காய்ந்த காற்று டேங்குக்குப் போகும். டேங்கில் அழுத்தம் வேண்டிய அளவை எட்டியதும் ஒரு வால்வு திறக்கும். காய்ந்த காற்றில் கொஞ்சம் எதிர்த் திசையில் மணிகளுக்குள் பாய்ந்து, ஒட்டியிருந்த ஈரத்தைக் கழற்றிக்கொண்டு வெளியே போகும். அதுதான் அந்தச் சத்தம். மணிகள் அடுத்த சுற்றுக்குத் தயார்.

இந்த ஒரு குடுவையிலேயே முழு விஷயமும் அடங்கிவிடுகிறது. ஒட்டிப் பிடிக்கும் பொருள் எதுவானாலும் கேட்க வேண்டியது மூன்று: எதைப் பிடிக்கும், எப்போது நிரம்பும், நிரம்பிய பிறகு என்ன செய்வது. நஞ்சுக்குக் கொடுக்கும் கரிக்கும் இதே கேள்விதான், கோவிட் காலத்து ஆக்ஸிஜன் பிளான்ட்டுக்கும் இதேதான், புடவைப் பெட்டியில் கிடக்கும் சின்னப் பொட்டலத்துக்கும் இதேதான். நாமோ பல நேரம் முதல் கேள்வியைக்கூடக் கேட்காமல் காசைக் கொடுத்துவிடுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் இதைப் பரப்புக் கவர்தல் என்று படித்திருப்போம். ஒரு திடப்பொருளின் உள்ளே இருக்கும் அணுவை நாலா பக்கமும் பக்கத்து அணுக்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு மேல்பக்கம் ஆள் இல்லை. அதன் இழுவிசையில் ஒரு பங்கு வேலையில்லாமல் மிச்சம் நிற்கிறது. அந்தப் பக்கமாக வரும் வாயு மூலக்கூறோ, நீரில் கரைந்த மூலக்கூறோ அந்த மிச்ச இழுப்பில் மாட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் இது வான் டெர் வால்ஸ் விசை எனப்படும் லேசான பிடி. சூடாக்கினால் விட்டுவிடும், சுற்றிலும் அழுத்தத்தைக் குறைத்தாலும் விட்டுவிடும். சில இடங்களில் வேதிப்பிணைப்பே உண்டாகிவிடும், அப்போது கழற்றுவது கஷ்டம். துண்டு தண்ணீரைக் குடிப்பதும், மழைக்காலத்தில் கல்லுப்பு ஈரத்தை இழுத்துக் கசிவதும் இந்தக் கணக்கில் சேராது. அங்கே ஈரம் பொருளுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. இங்கே மேற்பரப்போடு நிற்கிறது.

எவர்சில்வர் டம்ளரின் மேலும் நீர் மூலக்கூறுகள் ஒட்டித்தான் இருக்கின்றன. ஆனால் டம்ளரின் பரப்பு எவ்வளவு இருந்துவிடப்போகிறது? ஆகவே வித்தையெல்லாம் பரப்பைப் பெருக்குவதில்தான். நல்ல ஆக்டிவேட்டட் கார்பனில் ஒரு கிராமின் பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர். நம் ஊர்ப் பத்திரக் கணக்கில் சொன்னால் 25 சென்ட். ஒரு சிட்டிகை கரித்தூளுக்குள் கால் ஏக்கர்! வெளியே கண்ணுக்குத் தெரிவது அதில் அற்பம். மற்றதெல்லாம் உள்ளே இருக்கும் துளைகளின் சுவர்தான். பெரும்பாலான துளைகள் 2 நானோமீட்டரைவிடக் குறுகலானவை. ஒரு மில்லிமீட்டரை ஐந்து லட்சம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கு. அவ்வளவு குறுகிய சந்தில் நுழையும் மூலக்கூறை இரண்டு பக்கச் சுவரும் சேர்ந்து இழுக்கின்றன. பிடி இறுகுவது அதனால்தான்.

இந்த நிலத்தைச் சங்கிலி போட்டு அளக்க முடியாது. 1938-இல் புருனாயர், எம்மெட், டெல்லர் என்ற மூவர் அதற்கு ஒரு வழி சொன்னார்கள். பொருளைக் கடுங்குளிரில் வைத்து நைட்ரஜனை விட்டு, அது எவ்வளவு ஒட்டியது என்று பார்ப்பது. ஒரு மூலக்கூறு அடைக்கும் இடம் தெரியும், பெருக்கினால் பரப்பு வந்துவிடும். இன்றும் உலகெங்கும் இதே முறைதான். பின்னாளில் ஹைட்ரஜன் குண்டுக்குப் பேர்போன எட்வர்ட் டெல்லர்தான் அந்த மூன்றாமவர்.

அடுப்புக் கரியில் இந்த 25 சென்ட் கிடையாது. சீமைக் கருவேலை வெட்டி அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டு எடுக்கும் கரியிலும் கிடையாது. துளைகள் கொஞ்சம் இருக்கும், அவற்றையும் தார் அடைத்துக்கொண்டிருக்கும். கரியை 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து நீராவியை ஊத வேண்டும். நீராவி கரியைத் தின்னும். கரியில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாகிப் பறந்துவிட, அது இருந்த இடமெல்லாம் சுரங்கமாகும். எவ்வளவு தின்னக் கொடுக்கிறோமோ அவ்வளவு துளை. எடையில் பெரும்பங்கு போய்விடுவதால்தான் கரிக்கும் ஆக்டிவேட்டட் கார்பனுக்கும் விலையில் அவ்வளவு தூரம்.

எந்தக் கரியை எடுத்தாலும் ஒன்றுபோல வராது. நம் வீட்டில் கறிக்குத் துருவிவிட்டு எறிகிற கொட்டாங்குச்சிதான் இந்தத் தொழிலில் முதல் தரம். கெட்டியானது, சாம்பல் குறைவு, துளைகள் மிகக் குறுகல். வாயுவையும் சிறு மூலக்கூறுகளையும் பிடிக்க அதற்கு ஈடில்லை. காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் கொப்பரைக் களங்களில் குவியும் கொட்டாங்குச்சி கரியாகி, கோவை, கேரளப் பகுதித் தொழிற்சாலைகளுக்குப் போய், அங்கிருந்து கப்பலேறுகிறது. இலங்கையும் இதில் பெரிய கை. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கருகே ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட பிறகு முகமூடிகளுக்குக் கரி தேவைப்பட்டது. அமெரிக்க அரசு பழக்கொட்டைகளையும் தேங்காய் ஓட்டையும் சேர்த்து அனுப்பும்படி மக்களைக் கேட்டுக்கொண்டது.

மரக் கரியிலும் நிலக்கரியிலும் துளைகள் கொஞ்சம் அகலம். நிறம் தரும் பெரிய மூலக்கூறுகள் நுழைய அது வசதி. கரி நிறத்தை எடுக்கும் என்பதை 1785-இல் ரஷ்யாவில் லோவிட்ஸ் என்ற மருந்தாளர் கண்டார். சர்க்கரை ஆலைகள் அதைப் பிடித்துக்கொண்டன. வியாபாரத்தில் கார்பனின் தரத்தைச் சொல்ல 'அயோடின் நம்பர்' என்பார்கள். ஒரு கிராம் கார்பன் எத்தனை மில்லிகிராம் அயோடினைப் பிடிக்கிறது என்பதே அந்த எண். ஆர்.ஓ. பிளான்ட் வைத்திருப்பவர் கார்பன் மூட்டை வாங்கும்போது விலைக்கு முன் இந்த எண்ணைக் கேட்பது நல்லது.

இனி மருத்துவம். 1831-இல் டூயேரி என்ற பிரெஞ்சு மருந்தாளர், மருத்துவ அகாதெமி உறுப்பினர்கள் பார்த்திருக்க, நம் எட்டிக் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னைன் நஞ்சைக் கரித்தூளோடு சேர்த்து விழுங்கி, ஒன்றும் ஆகாமல் நின்றார் என்று மருத்துவ வரலாறு சொல்கிறது. இன்று மருத்துவமனையில் பெரியவர்களுக்குக் கொடுக்கும் அளவு பொதுவாக 50 கிராம், தண்ணீரில் கரைத்த கறுப்புக் கூழாக. நம் கணக்கில் பன்னிரண்டு ஏக்கர் பரப்பு வயிற்றுக்குள் இறங்குகிறது. மருந்தோ நஞ்சோ குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும் முன் அதைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு. கரி ரத்தத்துக்குள் போவதே இல்லை.

'போகும் முன்' என்பதில்தான் சூட்சுமம். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம், பிறகு வேகமாகக் குறையும். இரண்டாவது, எதை விழுங்கினார் என்பது. கரியின் பரப்புக்கு எண்ணெய்த் தன்மையும் வளைய அமைப்பும் உள்ள கரிம மூலக்கூறுகள் என்றால் பிரியம். பெரும்பாலான மாத்திரைகள் அந்த ரகம். மின்னூட்டம் ஏறிய சிறு அயனிகளுக்குத் தண்ணீர்தான் பிடித்தமான இடம், கரியை அவை சட்டை செய்யாது. அதனால் இரும்புச் சத்து மாத்திரைக்குக் கரி உதவாது. கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் அந்த மாத்திரையை வீட்டுக் குழந்தை மிட்டாய் என்று தின்றுவிடுவது நடக்கிற விஷயம். அதற்கு வேறு சிகிச்சை உண்டு. சாராயம், லித்தியம், ஆசிட், காரம் இவற்றுக்கும் கரி பயன்படாது. மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்குக் கரி கொடுத்தால் வாந்தி வந்து நுரையீரலுக்குள் எண்ணெய் போகும் ஆபத்துதான் கூடும்.

நஞ்சு மருத்துவத்தில் கரியைப் பற்றி வெகுநாள் நம்பிக்கைதான் பேசிக்கொண்டிருந்தது. அதை நேராகச் சோதித்துப் பார்த்தது நம் பக்கத்து இலங்கையில். அங்குள்ள மருத்துவமனைகளில் நஞ்சுக்குச் சிகிச்சை பெற வந்த 4,632 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கரி இல்லை, இன்னொன்றுக்கு ஒரே ஒரு முறை, மூன்றாவதற்குப் பல முறை. மைக்கேல் எடில்ஸ்டன் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 2008-இல் 'லான்செட்' இதழில் வந்தது. மூன்று குழுவிலும் இறப்பு ஏறக்குறைய ஒரே அளவு, நூற்றுக்கு ஆறேழு பேர். கிராமத்திலிருந்து வந்து சேர நேரமாகிறது, நஞ்சும் பலவிதம். இதற்காகக் கரியைக் குப்பையில் போட்டுவிடவில்லை. கார்பமசெபின், ஃபீனோபார்பிட்டால் போன்ற சில மருந்துகள் ரத்தத்திலிருந்து திரும்பவும் குடலுக்குள் கசியும். அங்கே காத்திருக்கும் கரி அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அந்த மாதிரி இடங்களில் இன்றும் பல தடவை கொடுக்கிறார்கள். யாருக்கு, எப்போது என்பது டாக்டரின் தீர்மானம்.

வீட்டில் செய்யக்கூடாதது ஒன்று. அடுப்புக் கரியை இடித்துக் கரைத்துக் கொடுப்பது. அதில் பரப்பு இல்லை என்று பார்த்தோம். அதைவிட மோசம், மயக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் கரி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். 108-ஐக் கூப்பிடுவதும், விழுங்கியதன் அட்டையையோ பாட்டிலையோ கையோடு எடுத்துப் போவதும்தான் வேலை. இப்போது 'உடம்பைச் சுத்தம் செய்ய' என்று கரி மாத்திரை, கறுப்பு ஐஸ்கிரீம் எல்லாம் விற்கிறார்கள். கரிக்கு எது நஞ்சு எது மருந்து என்ற பேதம் தெரியாது. நீங்கள் அன்றாடம் போடும் இதய மாத்திரையையும் கருத்தடை மாத்திரையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போய்விடும்.

மருத்துவமனையில் கரி சத்தமில்லாமல் பெரிய வேலை பார்க்கும் இடம் டயாலிசிஸ் பிரிவு. ஒரு தடவை டயாலிசிஸுக்கு ஏறக்குறைய 120 லிட்டர் தண்ணீர் தேவைப்படும். குழாய்த் தண்ணீரில் கிருமிக்காகப் போடும் குளோரின், குளோரமைன் இரண்டும் குடித்தால் ஒன்றும் செய்யாது. டயாலிசிஸ் சவ்வு வழியாக ரத்தத்துக்குப் போனால் சிவப்பணுக்களை உடைக்கும். குளோரமைனை ஆர்.ஓ. சவ்வு சரியாகத் தடுப்பதும் இல்லை. அதனால் ஆர்.ஓ.வுக்கு முன்னால் இரண்டு கார்பன் தொட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நடுவிலிருந்து தண்ணீர் எடுத்துச் சோதிப்பார்கள். முதல் தொட்டி நிரம்பிக் குளோரினை விட ஆரம்பித்ததும் தெரிந்துவிடும். மாற்றும் வரை இரண்டாவது தாங்கும். எப்போது நிரம்பும் என்ற கேள்வியை இவ்வளவு ஒழுங்காகக் கேட்கிற இடம் வேறு எனக்குத் தெரியவில்லை.

2021 ஏப்ரல், மே மாதங்களை யாரும் மறந்திருக்க முடியாது. ஆக்ஸிஜன் என்ற சொல் திண்ணைப் பேச்சிலும் வந்தது. அப்போது மருத்துவமனை வளாகங்களில் முளைத்த பி.எஸ்.ஏ. பிளான்ட்டுகள், வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த கான்சென்ட்ரேட்டர்கள் எல்லாவற்றின் வயிற்றிலும் இருந்தது ஜியோலைட் மணிகள். அலுமினியமும் சிலிக்கானும் ஆக்ஸிஜனும் சேர்ந்த கூண்டு, உள்ளே சோடியமோ லித்தியமோ அயனியாக உட்கார்ந்திருக்கும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், 21 சதவீதம் ஆக்ஸிஜன். நைட்ரஜன் மூலக்கூறில் மின்னூட்டம் பரவியிருக்கும் விதம் ஆக்ஸிஜனைவிட ஒழுங்கு குறைந்தது. அதனால் அந்த அயனிகளிடம் நைட்ரஜன் கூடுதலாக மாட்டுகிறது. காற்றை அழுத்தி ஒரு குடுவைக்குள் விட்டால் நைட்ரஜன் ஒட்டிக்கொள்ளும், ஆக்ஸிஜன் மறுமுனையில் வெளிவரும். கொஞ்ச நேரத்தில் மணிகள் நிரம்பிவிடும். உடனே இரண்டாவது குடுவைக்குக் காற்றை மாற்றிவிட்டு, முதலாவதில் அழுத்தத்தை இறக்கினால் நைட்ரஜன் கழன்று வெளியே போகும். இங்கும் 'புஸ்ஸ்'தான். கான்சென்ட்ரேட்டர் பக்கத்தில் படுத்தவர்களுக்கு அந்தத் தாளம் நன்றாக நினைவிருக்கும்.

இப்படிக் கிடைக்கும் ஆக்ஸிஜன் சுமார் 93 சதவீதம். காற்றில் ஒரு சதவீதம் போல இருக்கும் ஆர்கானும் ஆக்ஸிஜனைப் போலவே ஒட்டாமல் நழுவி வருவதால் நூறு ஆகாது. சிகிச்சைக்கு இது போதும். தேஜஸ் போர் விமானத்தில் விமானிக்கு ஆக்ஸிஜன் தர டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய நுட்பத்தைத்தான் தரைக்குக் கொண்டுவந்து, பெங்களூரு டாடா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸுக்கும் கோவை டிரைடன்ட் நியூமேட்டிக்ஸுக்கும் கொடுத்தார்கள். பிளான்ட் ஒன்று நிமிஷத்துக்கு 1,000 லிட்டர் தரும்படி வடிவமைத்தது.

இந்த மணிகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. நைட்ரஜனைவிடத் தண்ணீர்மேல் இவற்றுக்கு ஆசை பல மடங்கு. கோவிட் ஓய்ந்ததும் தார்ப்பாய் போட்டு மூலையில் தள்ளிய இயந்திரத்துக்குள் ஈரக்காற்று மெல்லப் புகுந்துவிட்டால், நைட்ரஜன் உட்கார வேண்டிய இடத்தில் நீர் குடியேறிவிடும். அடுத்த முறை ஓட்டினால் சத்தம் பழையபடி வரும், ஆக்ஸிஜன் அளவு வராது. தானமாக வந்த கான்சென்ட்ரேட்டரை வைத்திருக்கும் ஊர்ச் சங்கங்கள் அவ்வப்போது ஓட்டிப் பார்க்க வேண்டும். வெளிவருவதில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று கருவி வைத்தும் பார்க்க வேண்டும். காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பது சோதனையே அல்ல.

தண்ணீருக்கு வருவோம். கார்பன் ஃபில்டர் குளோரின் வாடையை எடுக்கும், நிறத்தை எடுக்கும், பல பூச்சிமருந்துகளைப் பிடிக்கும். உப்பை எடுக்காது. போரில் வரும் தண்ணீர் உப்புக் கரித்தால் ஃபில்டருக்குப் பிறகும் அப்படியேதான் கரிக்கும், அதற்கு ஆர்.ஓ. சவ்வு வேண்டும். நைட்ரேட், ஃப்ளோரைடு இரண்டும் கார்பனில் நிற்காது. கிருமியையும் கொல்லாது. குளோரினை எடுத்துவிட்டதால் கிருமி வளர வசதி செய்து கொடுத்ததாகவும் ஆகலாம். மாற்றாமல் விட்ட கார்பன் வழியாக வரும் தண்ணீர் சில நேரம் வழுவழுப்பாகவும் வாடையாகவும் இருப்பது அதனால். ஃபில்டர் நிரம்பிவிட்டதா என்று பார்க்க எளிய வழி குளோரோஸ்கோப். தொட்டி ஆபரேட்டர் குளோரின் பார்க்க வைத்திருப்பாரே, அந்தச் சின்னப் பெட்டிதான். ஃபில்டருக்கு முன்னால் எடுத்த தண்ணீரில் மருந்து விட்டால் மஞ்சளாகும். பின்னால் எடுத்ததும் மஞ்சளானால் கார்பனின் வேலை முடிந்துவிட்டது.

கலங்கல் தண்ணீர்ப் பானையில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளிய வைப்பதையும் சிலர் இதில் சேர்த்துப் பேசுவார்கள். அது வேறு வேலை. மிதக்கும் களிமண் துகள்களை ஒன்றோடொன்று சேரவைத்து அடியில் படிய வைக்கிறது.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தர வரம்பு. அதைப் பிடிக்க ஆக்டிவேட்டட் அலுமினா என்ற வெள்ளை மணிகள் இருக்கின்றன, நன்றாகவே பிடிக்கும். நிரம்பியதும் காஸ்டிக் சோடாவில் கழுவி, பிறகு அமிலத்தில் நனைத்து மறுபடி தயார்செய்ய வேண்டும். குடத்தோடு வரும் ஒரு வீட்டம்மாவிடம் காஸ்டிக் சோடாவைக் கொடுத்து மாதா மாதம் இதைச் செய்யச் சொல்வது நடக்கிற காரியமா? கடைசியில் அந்த மாவட்டங்களுக்கு ஒகேனக்கலிலிருந்து காவிரித் தண்ணீர் கொண்டுவந்ததுதான் பெரிய தீர்வாக அமைந்தது. ஆய்வகத்தில் ஜெயித்த பொருள் தெருவில் தோற்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது கேள்வியில்தான்.

ஆர்செனிக் விஷயத்தில் சென்னை ஐ.ஐ.டி.யின் தலப்பில் பிரதீப் குழு இன்னொரு வழி எடுத்தது. இரும்பு ஆக்ஸிஹைட்ராக்சைடு ஆர்செனிக்கை இறுகப் பிடிக்கும். ஆனால் துகள் சிறிதானால் தண்ணீரோடு கரைந்தோடிவிடும், பெரிதானால் பரப்பு போய்விடும். அவர்கள் அதை இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் வலைக்குள் நானோ அளவில் வளர்த்து நிறுத்தினார்கள். 'அம்ரித்' என்ற பெயரில் அது மேற்கு வங்கம் போன்ற ஆர்செனிக் பகுதிகளுக்குப் போயிருக்கிறது. பிரதீப்புக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

துளையை இஷ்டப்படி வடிவமைக்கும் வேலை இப்போது வெகுதூரம் போய்விட்டது. உலோக அயனிகளை மூட்டாகவும் கரிம மூலக்கூறுகளைச் சட்டமாகவும் வைத்துக் கட்டும் பொருள்களுக்காக கிடகாவா, ராப்சன், யாகி மூவரும் 2025-இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். பாலைவனக் காற்றிலிருந்து இரவில் ஈரத்தைப் பிடித்துப் பகல் வெயிலில் தண்ணீராகத் தருவது வரை செய்து காட்டியாயிற்று.

தொழிலில் இதன் இடத்தைச் சொல்ல ஆரம்பித்தால் முடியாது. ஒன்றிரண்டு மட்டும். கடையில் வாங்கும் ரீஃபைண்டு எண்ணெய் செக்கெண்ணெய் மாதிரி நிறமாக இல்லாதது எதனால்? சூடான எண்ணெயில் அமிலத்தால் பதப்படுத்திய களிமண்ணைப் போட்டுக் கலக்கி வடிகட்டுகிறார்கள். நிறம் தரும் பொருள்களெல்லாம் அந்த மண்ணோடு போய்விடுகின்றன.

நம் மாவட்டத்தில் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் செய்து இறக்கும் ராயல் என்ஃபீல்டு உட்பட, இப்போதைய பி.எஸ்.-6 பைக்குகளில் ஒரு சின்னக் கறுப்பு டப்பா இருக்கும். மெக்கானிக் 'கேனிஸ்டர்' என்பார். வெயிலில் நிற்கும் வண்டியின் டேங்கிலிருந்து எழும் பெட்ரோல் ஆவி ஊரில் கலக்காமல் அதற்குள் இருக்கும் கார்பனில் ஒட்டும். எஞ்சின் ஓடும்போது அதன் வழியாக உறிஞ்சும் காற்று அந்த ஆவியைக் கழற்றிக்கொண்டு போய் எரித்துவிடும். பங்க்கில் "கழுத்து வரைக்கும் ஊத்துப்பா" என்கிறோமே, அப்போது ஆவிக்குப் பதில் பெட்ரோலே கேனிஸ்டருக்குள் வழிந்து கார்பனை ஊறவைத்துவிடும். அதற்குப் பிறகு அது வெறும் டப்பா.

பட்டுப்புடவைப் பெட்டியில் போடும் சிலிக்கா ஜெல்லும் இந்தக் குடும்பம்தான். மூடிய பெட்டிக்குள் போட்டால்தான் அதற்கு வேலை. அடிக்கடி திறக்கும் அலமாரியில் போட்டால் ஓரிரு நாளில் ஊர் ஈரத்தையெல்லாம் பிடித்து நிரம்பி, பிறகு பொட்டலமாகக் கிடக்கும். நிறம் மாறும் ரகத்தில் நீலம் இளஞ்சிவப்பானால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். நீலத்துக்காகச் சேர்க்கும் கோபால்ட் குளோரைடு உடம்புக்கு ஆகாது. ஆரஞ்சு ரகம் வாங்குவது நல்லது. மணிகளைப் பொட்டலத்திலிருந்து தட்டில் கொட்டி 120 டிகிரி அளவில் ஓவனில் சூடாக்கினால் ஈரம் போகும். சித்திரை வெயிலில் காயவைப்பது போதாது.

கழனியிலும் இது நடக்கிறது. உரக்கடையில் கேட்ட பேச்சு:

"அண்ணா, மருந்து அடிச்சு பத்து நாளாச்சு, களை அப்படியே நிக்குது."

"தண்ணி எங்க மொண்ட தம்பி?"

"ஏரிக் கால்வாய்லதான்."

"மழைத் தண்ணி, சேறா இருந்திருக்குமே. மருந்தைச் சேறு தின்னுட்டுது."

கடைக்காரர் சொன்னது வேதியியல்படி சரி. களிமண் துகள்களுக்குப் பரப்பு மிக அதிகம். கிளைபோசேட் போன்ற களைக்கொல்லி அந்தப் பரப்பில் இறுக ஒட்டிக்கொண்டால் இலைக்குள் போக மிச்சம் இருக்காது. தெளிந்த தண்ணீரில் கலக்கச் சொல்வது அதற்காகத்தான். இதே களிமண்ணும் மக்கும்தான் அம்மோனியத்தையும் பொட்டாஷையும் வேர்ப் பக்கத்திலேயே பிடித்துவைக்கின்றன. மணற்பாங்கான நிலத்தில் போட்ட உரம் ஒரே மழையில் இறங்கிப் போவதற்குக் காரணம் அங்கே பிடிக்கப் பரப்பு இல்லாதது.

பிடித்தது எங்கே போகிறது? ஒட்டிக்கொண்ட நஞ்சு அழிந்துவிடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. பெரிய ஆலைகள் பழைய கார்பனைத் திரும்ப உலைக்கு அனுப்பி, பிடித்ததை எரித்துவிட்டு, கொஞ்சம் சேதாரத்தோடு மறுபடி பயன்படுத்துகின்றன. எண்ணெய் ஆலையின் பழைய மண்ணைத் திறந்த வெளியில் குவித்துவைத்தால், அதில் ஊறியிருக்கும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து சூடேறித் தானாகவே தீப்பிடித்துவிடும். சாயக் கழிவுநீரைத் தெளியவைத்த கார்பனில் சாயம் முழுதும் இருக்கிறது. ஓடைக்கரையில் கொட்டினால் மழையில் மெல்ல அவிழும். கிராமத்து ஆர்.ஓ. பிளான்ட்டில் கழிக்கும் கார்பன் மூட்டை ஒன்று, வீட்டு ஃபில்டரிலிருந்து மாற்றுகிற கார்ட்ரிட்ஜ் ஒன்று, பஸ் டிப்போவில் கழற்றிப் போடும் டிரையர் குடுவை ஒன்று என்று தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் மட்டும் ஊருக்கு வெளியே உள்ள அதே குப்பைமேடு. ஊராட்சிகள் குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரித்து வாங்குகின்றன. இதை எந்தக் கூடையில் போடுவது என்று இதுவரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.